முந்நூறு வருஷத்துக் கொத்தனார்

"சுவருன்னா அதுல்லா சுவரு! செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவுல ஒரு ஊசி இறங்காது. கட்டுனவன் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிடலாம்."

பிரம்மநாயகி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஐயம்பெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் புகழும் ஆசாமி செத்து முந்நூறு வருஷம் ஆகிறது. கடலோரத்தில் ஒரு மணல்மேட்டைத் தோண்டி, டச்சுக்காரர் காலத்துப் பண்டகசாலை ஒன்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மண் அள்ளப் போகும் முப்பது பெண்களில் பிரம்மநாயகியும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். அன்றிலிருந்து வீட்டில் இந்தப் பாட்டுத்தான்.

வள்ளியூரில் பாதி வீடு ஐயம்பெருமாள் கட்டியது. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில், அதில் ஒரு வீட்டையாவது நின்று பார்த்து "நல்லாருக்கு" என்று அவள் சொன்னதில்லை. பேர் ஊர் தெரியாத எவனோ ஒருவனுக்கு மட்டும் தினமும் புகழ்மாலை!

"ஏட்டி, செத்தவனைப் புகழ்ந்தது போதும். மோரை ஊத்து."

"ஏன், உங்களுக்கு வயிறு எரியுதோ?"

"எனக்கு எதுக்கு எரியணும்?"

எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

"நாளைக்கு நீங்களும் வாங்க. அங்கன இன்னொரு சுவரு சாஞ்சு நிக்கி. முட்டுக் கொடுக்க ஒரு கொத்தனார் வேணும்னு தோண்டுற எடத்து மேடம் கேட்டாவ. நாளன்னைக்குப் பெரிய ஆபீசருங்க வாராவ. இந்த நல்ல சுவரைப் பாத்துட்டுத்தான் இன்னும் ரெண்டு மாசம் தோண்டணுமா, மூடணுமான்னு முடிவு பண்ணுவாவளாம். எங்க முப்பது பேரு பொழப்பும் அந்தச் சுவத்துலதான் இருக்கு."

கூலிக்காக அல்ல, அந்தச் செத்துப்போன கொத்தனாரை ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் மறுநாள் ஐயம்பெருமாள் வேனில் ஏறினார்.

ராதாபுரம் தாண்டியதும் வழியெல்லாம் காற்றாலைகள். பத்தொன்பது வயதில் வேலை தேடி இந்தக் கரையோரம் முழுக்க அலைந்தவர்தான். அப்போது பனையும் மணலும் தவிர ஒன்றும் கிடையாது. இப்போது எந்த இடம் எதுவென்றே பிடிபடவில்லை.

குழிக்குள் இறங்கினார். சுற்றிலும் இடிந்து கரைந்த சுவர்கள். நடுவில் அது மட்டும் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்றது.

தூக்குக் குண்டை விட்டுப் பார்த்தார். நூல் பிசகவில்லை. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. சாந்தைச் சுரண்டினார். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்த சுண்ணாம்பு, நகம்தான் தேய்ந்தது. குறை கண்டுபிடிக்க வந்தவருக்கு ஒரு குறைகூடக் கிடைக்காவிட்டால் எப்படி இருக்கும்?

"எப்படி?" என்றாள் பிரம்மநாயகி, மண்சட்டியை இறக்கிவைத்துவிட்டு. முகமெல்லாம் பூரிப்பு.

"ஏதோ கட்டியிருக்கான்."

"ஏதோவா? இப்ப இப்படி ஒண்ணு கட்ட உங்களால முடியுமா, சொல்லுங்க."

பொறாமை அவர் தலைக்கேறியது. இந்தச் சுவர் இனி நிற்கக் கூடாது.

சென்னையிலிருந்து வந்திருந்த இளம் தொல்லியல் அதிகாரி விஜயஸ்ரீ குடையோடு இறங்கி வந்தார். ஐயம்பெருமாள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"என்ன அண்ணாச்சி, சாய்ஞ்ச சுவருக்கு முட்டுக் கொடுத்துடலாமா?"

"அது கெடக்கட்டும் மேடம். இந்தா நிக்கே, இதுதான் மோசம். உள்ள பூரா உளுத்துப் போச்சு. ஆபீசருங்க தலையில விழுந்தா யாரு பொறுப்பு? இன்னைக்கே மண்ணைப் போட்டு மூடிருங்க."

விஜயஸ்ரீயின் முகம் வெளிறிவிட்டது. "இதையா? நாளைக்குக் காட்ட என்கிட்ட இருக்கறதே இது ஒண்ணுதானே!"

"என்ன செய்ய? கட்டுனவனுக்குத் தொழில் தெரியல."

சொன்னதும் ஐயம்பெருமாளுக்கு ஒரு மாதத்து எரிச்சல் குளிர்ந்தது. பிரம்மநாயகி அவரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி. எவ்வளவு ஆசையா கட்டியிருக்கார், பாருங்க."

சுவரின் அடியில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளை விஜயஸ்ரீ விலக்கினார். சாந்து ஈரமாக இருந்தபோது யாரோ அழுத்திப் பதித்த ஒரு வலது கை. "வேலை முடிஞ்ச சந்தோஷத்துல வச்சிருக்கார். பாவம், மோதிர விரல் பாதிதான் இருந்திருக்கு."

ஐயம்பெருமாள் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தொன்பது வயது. யாரோ ஒரு வியாபாரியின் உப்புக் கொட்டகை. மணலில் சிதறிக் கிடந்த பழைய செங்கல்லைப் பொறுக்கி, உப்புக் காற்றுக்குச் சிமெண்ட் தாங்காது என்று சுண்ணாம்பு அரைத்து, தனி ஆளாக அவர் கட்டிய முதல் சுவர்!

"மேடம், இது வந்து..." என்று கட்டியிருந்த கையை அவர் பிரிப்பதற்குள், பிரம்மநாயகி தலைத்துண்டை உருவி, அவருடைய பாதி மோதிர விரல் வெளியே தெரியாமல் அவர் வலது கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம் பாக்காவ, கையை மடக்குங்க. சுவரு நல்லா நிக்கும்னு சொல்லுங்க," என்றாள் காதோரம். "முதல் நாளே இந்தக் கையைப் பாத்துட்டேன். இல்லன்னா ஒரு மாசமா அடுத்தவனையா இப்படிப் புகழ்ந்துக்கிட்டு இருப்பேன்?"