அர்ச்சனைக்குச் சொன்ன நட்சத்திரம்

“கேட்டைக்காரி, காப்பில இன்னும் ஒரு கரண்டி சீனி போடு. சாகுறதுன்னாலும் இனிப்பாச் சாவோம்” என்று அன்று காலையிலும் கேலி செய்தார் என் கணவரின் அண்ணன் சங்கரபாண்டி அத்தான். கேட்டை நட்சத்திரத்துப் பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று, பெண் பார்க்க வந்த அன்றே உறவினர் எழுந்துவிட்டார்கள். அந்த அண்ணனேதான் அவர்களை உட்கார வைத்தார்.

கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், மொட்டைமாடியில் அத்தான் என் நட்சத்திரத்தை எனக்குக் காட்டினார். தேள் வடிவத்தின் நெஞ்சில் அது சிவப்பாக இருந்தது. பைனாகுலரில் பார்த்தால், பக்கத்திலேயே பஞ்சுத் துணுக்குபோல ஒரு விண்மீன் கூட்டம் தெரிந்தது.

“இந்தத் தேள் ஒரு வேட்டைக்காரனைக் கொன்னுச்சாம். இது உதிச்சா அவன் மறைஞ்சிருவான்னு கிரேக்கக் கதை. நீ பாக்குற வெளிச்சம் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால கிளம்பினது, கோமதி. அப்ப நீயும் இல்ல, நானும் இல்ல. பிறகு யாரு மேல பழி?”

சீனி கேட்ட அன்று மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அவரைப் பெற்ற அத்தை என் முகம் பார்த்துப் பேசி ஒரு வருஷமாயிற்று.

ஆடியில் அத்தை என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். குருக்கள் நட்சத்திரம் கேட்டதும், பின்னால் நின்ற சொந்தக்காரப் பெண்களின் பேச்சு நின்றது.

“என் மருமக கோமதி. அனுஷம்” என்றார் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி.

“அத்தை…”

“சும்மா நில்லு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. தெற்கே, தேளின் நெஞ்சில், கேட்டை சிவப்பாகவே இருந்தது.