இந்த மாதத் தலைப்பு

கொட்டாஞ்சேனை ரொஷேல் மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிப்பது பக்கத்து வீட்டுப் பேர்ணடெற்றுக்குச் செமிக்கவில்லை. பின்னேரத்துக்குள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிய ஒரு குறையாவது வேண்டாமா? சீனி கேட்கும் சாட்டில் உள்ளே நுழைந்தாள்.

“பெரியவனுக்குப் பதின்மூண்டு, சின்னவளுக்கு அஞ்சு. எல்லாருக்கும் ஒரே பாடமா பிள்ளை? உருப்பட்ட மாதிரித்தான்!”

“தலைப்புத்தான் ஒண்டு அன்ரி. வேலை வயசுக்கேத்த மாதிரி. சின்னவள் படம் கீறுவாள், நடுவிலான் எண்ணிக் கணக்கெடுத்து வரைபு போடுவான், பெரியவன் கட்டுரை எழுதுவான்.”

“இந்த மாதம் என்ன தலைப்பு? கப்பலா, மீனா?”

ரொஷேல் மேசையில் கிடந்த கொப்பிகளை அவசரமாக மூடினாள். சின்னவள் துள்ளினாள்.

“நீங்கதான் அன்ரி! யன்னலால எட்டிப் பார்க்கிற உங்களை நான் கீறிட்டன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் எண்டு சின்னண்ணா எண்ணுறார்!”

பேர்ணடெற் கொண்டையைச் சரிசெய்தபடி பெரியவனிடம் குனிந்தாள்.

“கட்டுரையில என்ட வயசை மட்டும் குறைச்சு எழுது, ராசா!”