யாருடைய அப்பா?

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஜோர்டான் நாட்டு ஸர்காவில் ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே பெரியவர்களைப் பிள்ளையின் பேரோடு 'அபூ', அதாவது அப்பா, என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். சின்னக் கதைதான், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"கியர்பாக்ஸ்ல ஒரு கீறல் விழக்கூடாது, அபூ ராகான். எஞ்சினை என்ன வேணா பண்ணுங்க."

வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார். பிக்கப் வண்டியிலிருந்து சங்கிலி போட்டு இறக்கியிருந்தார்கள். எஞ்சினும் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸும் ஒட்டிக்கிடந்த ஒரே இரும்புக் கட்டி.

"மீதி வண்டி எங்கே, ஹாஜி?" என்றார் மெக்கானிக் அபூ ராகான்.

"வீட்டுல."

"உங்களை யாரோட அப்பான்னு கூப்பிடறது?"

"ஸலாமான்னு பேரைச் சொல்லியே கூப்பிடுங்க."

"இந்த வயசுக்காரரை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டா, ஊரு என்னைப் பெத்தவளைத்தான் திட்டும். பிள்ளை இல்லையா உங்களுக்கு?"

அபூ ராகான் ஏலக்காய்க் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். ஸலாமா வாங்கி, குடிக்காமல் பெஞ்சின் மேல் வைத்தார்.

"ஓஹோ, நம்ம ஊர் வழக்கப்படி கேட்டது கிடைச்சாத்தான் குடிப்பீங்களோ? இது பட்டறை ஹாஜி, பெண் கேட்க வந்த வீடு இல்லை!"

சிரித்துக்கொண்டே குனிந்தவரின் சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. இரண்டையும் பிணைக்கிற போல்ட்டுகள் உள்ளே வட்டமாக இருந்தன. ஸ்பேனர் நுழைய ஒரே ஒரு சின்ன ஜன்னல். எஞ்சினைச் சுற்றினால்தான் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக அந்த ஜன்னலுக்கு வரும். இதுவோ இறுகிக் கிடந்தது. நீளக் குழாயை மாட்டி இருவரும் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"நெம்பி எடுத்தா?" என்றார் ஸலாமா.

"கியர்பாக்ஸோட பம்ப் நொறுங்கிடும். அப்புறம் அது பழைய இரும்புதான்."

"வேண்டாம், வேண்டாம். கொடுக்கறதுக்கு என்கிட்ட வேற எதுவும் இல்லை."

"யாருக்குக் கொடுக்கறீங்க? விலைக்குன்னா எனக்கே வேணும்." மூலையில் துணி போட்டு மூடியிருந்த டாக்ஸியைத் தலையால் காட்டினார் அபூ ராகான். "என் ராகானோடது. இதே மாடல்தான். குளிர்காலத்துல போய்ச் சேர்ந்துட்டான், பேரை மட்டும் என்கிட்ட விட்டுட்டு. வண்டி ஓடினா மருமக வாடகைக்கு விட்டுப் பொழைச்சுக்குவா. நல்ல கியர்பாக்ஸ்தான் அமையலை."

"இது ஒரு வீட்டுக்குன்னு நேர்ந்துக்கிட்டது."

"நல்லா இருக்கட்டும் அந்த வீடு," என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எஞ்சினைக் கொன்று கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். கீழே எண்ணெய்த் தட்டையும் கழற்றினார். உள்ளே பார்த்ததும் ஸ்பேனரைத் தரையில் எறிந்தார்.

"எந்தக் கழுதை ஓட்டினான் இதை? சொட்டுத் தண்ணி இல்லாம! பிஸ்டனெல்லாம் வெந்து சுவரோட ஒட்டிக்கிடக்கு. சூடு காட்டற முள்ளு சிவப்புக்குப் போயிருக்கும், புகை வந்திருக்கும், எஞ்சின் கதறியிருக்கும். அப்பவும் மிதிச்ச காலை எடுக்கலையே! எதைப் பார்த்து இப்படி ஓடினான்?"

ஸலாமா வாசலில் நின்ற பிக்கப் பக்கம் திரும்பினார்.

"அதோ, காலையிலேர்ந்து பிக்கப்பை விட்டு இறங்காம உட்கார்ந்திருக்கானே டிரைவர், அவன்கிட்டயாவது சொல்லுங்க. தண்ணி பார்க்காம வண்டியை எடுக்காதேன்னு."

மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, பிஸ்டன்களைச் சுத்தியலால் மேலே அடித்துத் தள்ளினார் அபூ ராகான். பகல் தொழுகைக்கான பாங்கு கேட்டது. மாலைத் தொழுகைக்கும் கேட்டது. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஒருவழியாக எஞ்சினின் சுழல்தண்டு முனகிக்கொண்டே திரும்பியது. ஜன்னலில் ஒரு போல்ட் வந்து நின்றது. பிறகு அடுத்தது.

கியர்பாக்ஸ் கீறலில்லாமல் பிரிந்து வந்தது.

"குடிங்க ஹாஜி! கேட்டது கிடைச்சாச்சு!"

ஸலாமா கோப்பையைத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்பவர்கள் அங்கே செய்வதுபோல, தலைத்துணியின் கறுப்புக் கயிற்றைக் கழற்றி, எண்ணெய் படிந்த தரையில் அபூ ராகானின் காலடியில் வைத்தார்.

"நான் கேட்க வந்ததை இன்னும் கேட்கவே இல்லை. அந்தக் கியர்பாக்ஸ் உங்க டாக்ஸிக்குத்தான்."

"எனக்கா? எதுக்கு ஹாஜி?"

"எதைப் பார்த்து ஓடினான்னு கேட்டீங்களே, அபூ ராகான்... உங்க ராகானை இடிச்சுட்டு, ரேடியேட்டர் உடைஞ்ச வண்டியை நிறுத்தாம ஓடினான். என் பேரு அபூ லைத். பிக்கப்புல உட்கார்ந்திருக்கறவன்தான் லைத்."

அபூ ராகான் சுத்தியலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு ஆறிப்போன காப்பியைத் தரையில் கொட்டிவிட்டு, சூடாக வேறொன்றை ஊற்றி அதே இடத்தில் வைத்தார். 'குடிங்க' என்று மட்டும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில், கண்ணுகளா, பிள்ளையின் பெயரைச் சொல்லியே ஊர் உங்களைக் கடைசிவரை கூப்பிடட்டும். எந்தக் கோப்பையும் ஆறாதிருக்கட்டும்.