ஆணி அடிக்க மாட்டோம்

"இதோ பாரு, வர்றவங்ககிட்ட எதையாவது உளறி வைக்காதே. நம்மள அவங்களுக்குப் பிடிக்கணும். இந்த வீட்டு விஷயம் இன்னைக்கு முடியலேன்னா அடுத்த மாசம் திண்டாட்டம்தான்" என்றான் கணவன்.

"எனக்கேவா? எட்டு வீடு மாறினவ நான்!" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள் தையல் டீச்சர்.

அந்தக் காலி வீட்டுக்குள் பெரியவர் ஒருவர் மனைவியோடு நுழைந்தார். டீச்சர் அவர் பின்னாலேயே போனாள்.

பெரியவர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோம் சார்!" என்று முந்திக்கொண்டாள் டீச்சர்.

அவர் குழாயைத் திறந்து பார்த்தார்.

"தண்ணிய அளவாத்தான் புழங்குவோம் சார். சொந்தக்காரங்க வந்தாலும் ஒரு ராத்திரிக்கு மேல தங்க மாட்டாங்க!"

பெரியவர் திருதிருவென்று விழித்தார். அவர் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, குடிவரப் போறது நாங்க. வீட்டுக்காரம்மா நீங்கதானே?"

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடகை வீடுதாம்மா, இப்பவும் அப்படித்தான். வாடகைக்கு விடலாம்னு லோன் போட்டு வாங்கின முதல் வீடு இது. பழகின வாய் மாறவே மாட்டேங்குது!"

"அப்ப எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியும். இப்படி ஒரு ஓனர் வேற எங்க கிடைப்பாங்க? என்னங்க, அட்வான்ஸைக் கொடுங்க!" என்றார் அந்தம்மா.

பெரியவர் நீட்டிய கவரை வாங்கிய கணவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றி சார்! மாசம் பொறந்தா அஞ்சாம் தேதிக்குள்ள வாடகையைக் கரெக்டா கொடுத்துடறோம்!" என்றான்.