பதினோரு கிலோ பருந்து

"தையல் மெஷினை எறக்கி வை. மொத்தமே முப்பது கிலோதான் விடுவாங்க."

பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். மகள் வீட்டுக்கு விமானப் பயணம். ஆறு மாதம் தங்கப் போகிறார்கள்.

"மெஷின் இல்லாம ஆறு மாசம் அங்கே என்ன பண்ணுவேன்? சுவத்தை வெறிச்சுப் பார்த்துட்டு உட்காரவா?"

மனைவிக்கு முப்பது வருஷமாகத் தையல்தான் தொழில்.

"பறவையைப் பாரு. பறக்கணும்னு எலும்பையே குழலாக்கிக்கிச்சு. வால் எலும்பைச் சுருக்கிக்கிச்சு. பாரம்னு பல்லைக்கூட விட்டுடுச்சு. நீ ஒரு மெஷினை விட மாட்டியா?"

"அப்போ உங்க பருந்து?"

ஒவ்வொரு எலும்பாக அவரே கோத்து நிறுத்திய பருந்தின் எலும்புக்கூடு அது. அதை வைத்துப் பேச, மகள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். வெளிநாட்டு மேடை அவருக்கு இதுதான் முதல் தடவை.

"அது வந்தே ஆகணும்."

"அதானே! சக்களத்திக்கு இடம் உண்டு. எனக்குத்தான் கிடையாது."

மெஷினுக்கு உறையைப் போட்டாள். அதன் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். டாக்ஸியில்கூட 'உம்' கிடையாது.

விமான நிலையத்தில், 'எலும்புக்கூடு, கவனம்' என்று எழுதிய மரப்பெட்டியை அவரே தூக்கித் தராசில் வைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை.

பதினொன்று காட்டியது.

அதற்கு மேல் மனைவியால் வாயை அடக்க முடியவில்லை. "பறவை எலும்பு காத்து மாதிரின்னீங்களே. பதினோரு கிலோ காத்தா?"

"அது மேல போட்ட கண்ணாடிக் கூண்டோட எடைம்மா" என்று முனகினார்.

வரிசையில் பின்னால் நின்றவர் களுக்கென்று சிரித்தார். பேராசிரியர் காதில் வாங்காத மாதிரி நின்றார்.

பெட்டி ஸ்கேனருக்குள் போனது. பாதியில் நின்றது. பாதுகாப்பு அதிகாரி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், எலும்புக்கூடுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு எலும்பையும் காணோமே? சக்கரம், ஊசி, கைப்பிடி... என்ன சார் இது?"

மனைவி எட்டிப் பார்த்தாள். முப்பது வருஷம் சுற்றிய கைப்பிடி. திரையில் பார்த்தால் மட்டும் அடையாளம் தெரியாதா என்ன?

"ஏங்க... பருந்து எங்கே?"

"வீட்ல, அலமாரி மேல. நீ கேஸ் சிலிண்டரை மூடப் போனப்போ மாத்திட்டேன்."

"அப்போ உங்க பேச்சு?"

"போர்டுல வரைஞ்சு சமாளிச்சுக்கிறேன்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னா நீ மெஷினை எறக்கிட்டு அதைத் தூக்கி வெச்சிருப்பே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இருந்தாலும் அதை விட்டுட்டு வர உங்களுக்கு எப்படிங்க மனசு வந்தது?"

பேராசிரியர் பெட்டியை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"பறக்கறதுக்காக அது பல்லையே விட்டுச்சு. உனக்காக நான் அதை விடக் கூடாதா?"