வேலிக்கு வெளியே

அந்தத் திறந்தவெளிச் சிறைக்கு மதில் கிடையாது, முள்கம்பி வேலிதான். மாடு புகுந்து பிய்த்துப்போட்ட இடத்தைக் கைதி வேலாண்டி மதியத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்தான். வெளிப்பக்கம் நின்று முறுக்கினால்தான் கம்பி இறுக்கமாக நிற்கும் என்பது அவன் கட்சி. கடைசிக் கம்பியைச் சுண்டிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான், தான் சாலைப் பக்கம் நிற்பது அவனுக்கு உறைத்தது.

உள்ளே கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த சேசுராஜ் வயிறு குலுங்கச் சிரித்தான். "யோவ் மேஸ்திரி, தப்பிச்சிட்டியேய்யா!"

அப்போது சாயங்காலக் கணக்கெடுப்புக்கு மணி அடித்தது. வரிசையில் இல்லாதவன் ஓடிப்போனவன். பிடித்து மறுபடி மத்தியச் சிறைக்கே அனுப்பிவிடுவார்கள். சேசுராஜின் சிரிப்பு நின்றது.

"அவுத்துட்டு வாய்யா, சீக்கிரம்!"

"நான் போட்ட முறுக்குடா. அவுக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்."

வேலாண்டி கம்பி முறுக்கிய குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசல் இருக்கும் திசையில் சாலையோடு ஓடினான். பின்னால் வந்த பேருந்து அவனை மறிப்பதுபோல் நின்றது.

"எங்கண்ணே இந்த ஓட்டம்?" என்றார் நடத்துநர்.

வேலாண்டி தாவி ஏறிக் கம்பியைப் பிடித்தான்.

"ஜெயில் வாசல்ல இறக்கி விடுங்க தம்பி. எண்ண ஆரம்பிச்சிட்டாங்க."

நடத்துநர் அவனது வெள்ளைக் கைதிச் சட்டையைப் பார்த்தார். வண்டியைக் கிளப்ப விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை.