ஆளுக்கு ஒரு நாற்காலி

அதிகாரி சமையலறைக்குள் நுழைந்து குறிப்பேட்டைத் திறந்தார். வெர்னன் கைகட்டி நின்றார்.

"எத்தனை நாற்காலி?"

"ஒண்ணு."

"தட்டு?"

"ஒண்ணு."

"உங்களைப் பார்க்க யாராச்சும் வர்றாங்களா?"

வெர்னன் அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் நீங்க வந்திருக்கீங்களே?"

"கட்!" என்று கத்தினாள் டெலானி. அதிகாரியாக நடித்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

டெலானி எடுக்கும் குறும்படத்தின் கதை இதுதான். சிலர் வீட்டில் ஆள் நிறைய, சிலர் வீட்டில் யாருமே இல்லை, இது என்ன நியாயம் என்று அரசாங்கம் ஒரு சட்டம் போடுகிறது. இனி எல்லோரும் சமம். யாருக்கும் துணை கிடையாது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு நாற்காலி, ஒரு தட்டு.

படத்தைப் போட்டிக்கு அனுப்ப நாளை கடைசி நாள். நடிக்க வேண்டியவர் காய்ச்சல் என்று காலையில் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல், படப்பிடிப்புக்கு வீட்டைக் கொடுத்தவரையே கேமரா முன் நிறுத்தியிருந்தாள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் வெர்னன். நடிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"வெர்னன், 'யாரும் வர்றதில்ல.' ரெண்டே வார்த்தை. அவ்வளவுதான் வசனம்."

"தெரியும்மா. வாய்ல வரமாட்டேங்குது."

"வீட்டுல தினமும் திருவிழாவா இருக்கும்போல. அதான் வரல."

வெர்னன் சிரித்தார். "ஆமா, ஆமா. ஞாயித்துக்கிழமைன்னா இங்க நிக்கவே இடம் இருக்காது."

வீட்டைக் கதைக்கு ஏற்றபடி மாற்றிவைக்கும் அரங்கப் பொறுப்பு ஜோயலுக்கு. உட்கார வேறு இடமில்லாமல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அமர்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான்.

"நேத்து ஒரே நாள்ல வீட்டையே காலி பண்ணி வச்சிட்டியே ஜோயல்! ஒரே ஒரு துண்டு, ஒரே ஒரு பல் பிரஷ். சுவத்துல போட்டோ மாட்டின தடம்கூட இல்ல. எப்படிடா இதெல்லாம் தோணுச்சு?" என்றாள் டெலானி.

ஜோயல் வாய் நிறைய டோனட்டோடு தலையை ஆட்டிவைத்தான். பாராட்டு வலிய வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும், "அதான் நீங்க வந்திருக்கீங்களே?" நாலாவது தடவையும் அதே கதைதான். நவம்பர் மாதத்துச் சூரியன் ஐந்து மணிக்கே கடையைக் கட்டிவிடும். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

டெலானிக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த வெளிச்சம் போச்சுன்னா என் ரெண்டு வருஷ உழைப்பும் போச்சு, வெர்னன். சொல்லிடுங்களேன், ப்ளீஸ்."

வெர்னன் அவளைப் பார்த்தார். "சொல்லிட்டா உடனே கிளம்பிடுவீங்களா?"

"அடுத்த நிமிஷமே. அப்புறம் உங்களுக்கு எங்களால ஒரு தொந்தரவும் இல்ல."

"சரிம்மா. எடு."

நாற்காலி, ஒன்று. தட்டு, ஒன்று.

"உங்களைப் பார்க்க யாராச்சும் வர்றாங்களா?"

"யாரும் வர்றதில்ல."

அதிகாரியாக நடித்தவர் குறிப்பேட்டை மூட மறந்து நின்றார். டெலானி மெதுவாகத்தான் 'கட்' என்றாள்.

"இந்த நடிப்பை இவ்வளவு நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"நல்லா வந்துச்சா? வேணும்னா இன்னொரு தடவை எடுக்கலாமே."

"வேண்டவே வேண்டாம். இதுதான் படமே!"

விளக்குகளை மடித்து வேனில் ஏற்றினார்கள். வெர்னன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். கொடுத்த கையை விடத்தான் கொஞ்சம் நேரமானது.

டெலானி ஜோயலை வேன் பக்கம் தனியே அழைத்தாள்.

"பாவம்டா, நல்ல மனுஷன். அவரோட ஆளுங்க வர்றதுக்குள்ள சாமானை எல்லாம் கொண்டுவந்து இருந்தது இருந்தபடி வச்சிடு. ஒரு கரண்டிகூட இடம் மாறக் கூடாது."

ஜோயல் நகரவில்லை.

"டெலானி... நேத்து நான் இங்க வரவே இல்ல."